பத்து நிமிட நெருப்பைப் பார்த்து மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்: மாடியில் விறகடுப்பு கட்டுவோர் கவனத்துக்கு

இலங்கையில் காஸ் கியூவில் நின்ற 2022ஐ மறக்காத வீடுகளில் இப்போதும் விறகடுப்பு கட்டுகிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடந்தது இது. கட்டி முடித்த அன்றே மேசன் நாலு சிரட்டையை எரித்துவிட்டு, அடுப்படி டைல்ஸில் கையை வைக்கச் சொன்னார். "பாருங்க அக்கா, சூடே இல்ல." காசு கைமாறியது.

அந்த வார இறுதியில் நாலு மணித்தியாலம் சமைத்தார்கள். நெருப்பு அணைந்து வெகு நேரம் கழித்து டைல்ஸ் டப்பென்று எழும்பியது. சிலாப்புக்குள் ஓடிய ஃபேன் வயரின் உறை இளகி, ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. வீட்டு வயரின் பிவிசி உறை 70 பாகை செல்சியசுக்குத்தான் கணக்கு.

உடைத்துப் பார்த்தால் ஒரு வரி ஃபயர் பிரிக், நேரே சீமெந்துச் சாந்து, அதன் கீழ் டைல்ஸ். பில்லில் இருந்த புளொக் கல்லும் (துவாரமுள்ள சீமெந்துக் கல்) வெர்மிகுலைட்டும் (சூட்டை மறிக்கும் இலேசான கனிமத் துகள்) எங்கேயும் இல்லை.

ஃபயர் பிரிக் நெருப்பைத் தாங்கும், சூட்டை மறிக்காது. சாதாரண செங்கல்லைவிட அது சூட்டை வேகமாகவே கடத்தும். 3 அங்குலக் கல்லைக் கடந்து சூடு கீழே வர மணித்தியாலக் கணக்காகும். அணைத்த பிறகும் கல் கீழே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடச் சோதனையில் எந்த அடுப்பும் பாஸ்தான். போதாததற்கு, ஈரச் சாந்தில் அன்றே நெருப்பு வைத்ததும் பிழை.

சரியான அடுக்கு இது: அடியில் 4 அங்குலப் புளொக் கல், துவாரங்கள் ஒரே நேர்கோட்டில், இரு பக்கமும் காற்று ஓடும்படி. மேலே கம்பி கட்டிய மெல்லிய கொங்கிரீட் தட்டு. அதன்மேல் வெர்மிகுலைட் ஐந்து பங்கு, சீமெந்து ஒரு பங்கு கலந்து 3 அங்குலம். கடைசியில் ஃபயர் பிரிக், ஃபயர் கிளேயும் (நெருப்பைத் தாங்கும் களிமண்) மணலும் கலந்த படுக்கையில். சீமெந்துச் சாந்து வேண்டாம். வாய்க்கு முன்னால் தணல் விழ 18 அங்குலம் எரியாத தளம்.

நல்ல மேசன்கூட "ஃபினிஷிங்" என்று புளொக் கல் துவாரங்களைப் பூசி மூடிவிடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள். காற்று ஓடாவிட்டால் அந்த இடைவெளியால் பெரிய பயன் இல்லை.

மிச்சக் காசை வைத்துக்கொண்டு, சாந்து காய்ந்தபின் சில நாள் சிறு நெருப்பு வைத்து ஈரத்தைப் போக்குங்கள். பிறகு மூன்று மணித்தியாலம் எரித்து, அணைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து, அடுப்புக்கு நேர் கீழே கீழ்வீட்டுக் கூரையின் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி கையை வைக்க முடியாவிட்டால் வேலை முடியவில்லை.

பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை அடியில் விரிக்கிறேன் என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சூட்டில் அது வெடித்துச் சிதறும், தூசி நுரையீரலுக்குள் போகும்.