ஒருவருக்கான வாஃபிள் கருவி: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஓர் அறை வீட்டில் தனியாக வசிக்கும் எனக்குக் காலை உணவு என்பது, குளித்து முடிப்பதற்கும் ரயிலைப் பிடிப்பதற்கும் இடையே கிடைக்கும் 20 நிமிடங்களுக்குள் செய்து, உண்டு, பாத்திரமும் கழுவி முடிக்க வேண்டிய காரியம். வாஃபிள் என்பது, சூடான இரு தட்டுகளுக்கு இடையே மாவை ஊற்றிக் கட்டம் கட்டமான குழிகளோடு சுட்டெடுக்கும் பண்டம். அதற்காக 13 டாலர் கொடுத்து வாங்கிய சிறிய வாஃபிள் கருவி ஒன்றை ஏழு மாதங்களாக, வாரத்துக்கு மூன்று நாளாவது பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 4 அங்குல வட்டத் தட்டு, 350 வாட் திறன், மூடியின் மேல் ஒரு சிறு விளக்கு என்ற இதே அமைப்பில் பல பெயர்களிலும் பல நிறங்களிலும் கருவிகள் விற்பனையாகின்றன என்பதால், இங்கே நான் சொல்லப்போவது அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கருவியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. என் குறையெல்லாம் அதனுடன் பெட்டிக்குள் வந்த செய்முறைத் தாளைப் பற்றியதுதான். ஒரு கோப்பை மைதா, ஒரு முட்டை, ஒரு கோப்பை பால் என்று தொடங்கும் அந்த அளவில் மாவைக் கரைத்தால் எட்டு வாஃபிள்களாவது வரும். ஒருவருக்கான கருவியை விற்றுவிட்டு, ஒரு குடும்பத்துக்கான மாவைக் கரைக்கச் சொல்வது என்ன நியாயம் என்று தெரியவில்லை. பேக்கிங் பவுடர் கலந்த மாவு, தோசை மாவைப் போல வைத்திருந்து மறுநாள் ஊற்றக்கூடியதும் அன்று. ஈரம் பட்டவுடனேயே அது காற்றுக் குமிழிகளை வெளியிடத் தொடங்கிவிடுவதால், குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்த மாவில் வார்க்கும் வாஃபிள் மறுநாள் கனத்து, ரப்பர் போல இழுபடும். ஆகவே இந்தக் கருவியின் உண்மையான பயன், ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் அளவு மாவை நாமே கண்டுபிடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

முதலில் கருவியின் அமைப்பு. மூடிய நிலையில் ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தைச் சற்று அமுக்கியது போன்ற அளவில் இருக்கும் என்பதால், அலமாரியில் டம்ளர்களுக்கு நடுவே வைத்துவிடலாம். சுவிட்ச் கிடையாது; செருகினால் சூடாகும், பிடுங்கினால் ஆறும். வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. மூடியை இறுக்கும் கொக்கியும் இல்லை, அது தன் எடையிலேயே மாவின் மேல் அமர்கிறது. இதைக் குறையென்று எண்ணித் தொடக்கத்தில் கையால் அழுத்திப் பிடித்தேன். மாவு உப்பும்போது மூடி சற்று எழும்புவதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள் என்பது, மாவு பக்கவாட்டில் வழிந்து கீல் வரை போன பிறகுதான் விளங்கியது.

அந்தச் சிறு விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செருகியதும் எரியும் விளக்கு, தட்டு போதிய சூட்டை எட்டியதும், என் வீட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களில், அணைகிறது. மாவை ஊற்றியதும் தட்டின் சூடு தணிவதால் மீண்டும் எரிந்து, மீண்டும் அணைகிறது. இந்த இரண்டாம் அணைப்பை, வாஃபிள் வெந்துவிட்டது என்று கருவி சொல்வதாகவே நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் விளக்கு சொல்வது தட்டின் வெப்பநிலையைத்தான். உள்ளே இருக்கும் மாவின் நிலை அதற்குத் தெரியாது. முதல் வாரத்தில், விளக்கு அணைந்த கணமே மூடியைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் வாஃபிள் குறுக்கே பிளந்து, மேல்பாதி மூடியோடும் கீழ்ப்பாதி தட்டோடும் ஒட்டிக்கொண்டு, நடுவில் வெந்தும் வேகாத வெள்ளை மாவு நூல் நூலாக இழுபட்டது. அவற்றைக் கரண்டியால் வழித்தெடுத்து நின்றபடியே தின்றுவிட்டு ரயிலுக்கு ஓடிய காலைகள் மூன்று.

விளக்கை விட்டுவிட்டு ஆவியைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு ஒன்றுகூடப் பிளக்கவில்லை. மூடிய அரை நிமிடத்தில் ஓரங்களிலிருந்து புகை போல அடர்ந்த ஆவி வரும். மூன்றாம் நிமிடத்தில் அது மெலிந்து ஊதுபத்திப் புகையளவுக்குச் சுருங்கும். அது கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்தபின் இன்னும் அரை நிமிடம் பொறுத்து மூடியைத் தொட்டால், அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் எழும்பும். இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள். இந்தக் கணக்கில் முதல் வாஃபிளுக்கு நான்கு நிமிடமும் இரண்டாவதற்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது. ஆவி வெளியேறுவது வேகும் நேரத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமன்று. மேற்பரப்பில் இருக்கும் நீர் போனால்தான் அங்கே வெப்பம் கொதிநிலையைத் தாண்டி ஏறும். அப்போதுதான் பொன்னிறமும் வறுத்த வாசனையும் உண்டாகும்.

இனி மாவு. ஒருவருக்கான அளவைக் கண்டுபிடிப்பதில் பெரும் தடையாக நின்றது முட்டை. மாவையும் மோரையும் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். முட்டையைக் குறைக்க முடியாது. இங்கே கடைகளில் ‘லார்ஜ்’ என்று விற்கும் முட்டையில் ஓடு நீங்கலாக ஏறக்குறைய 50 கிராம் இருக்கிறது. இரண்டு சிறு வாஃபிள்களுக்குத் தேவைப்படும் மைதாவே 30 கிராம்தான் என்னும்போது, முழு முட்டையையும் உடைத்து ஊற்றினால் கிடைப்பது வாஃபிள் வடிவத்தில் ஓர் ஆம்லெட். வாடையும் அதுவே, பஞ்சு போன்ற மென்மையும் அதுவே. முட்டையை அடித்துப் பாதியை ஊற்றிப் பார்த்தேன். மீதிப் பாதி கிண்ணத்தோடு குளிர்பெட்டிக்குள் போய், மூன்றாம் நாள் குப்பைத் தொட்டிக்குள் போனது. கடைசியில் மஞ்சள்கருவை மட்டும் மாவில் சேர்த்து, வெள்ளைக்கருவைச் சிறு வாணலியில் ஊற்றி மிளகுத்தூள் தூவிப் பக்கத்திலேயே வார்த்துக்கொள்ளும் வழியில் நிலைத்தேன். மஞ்சள்கருவின் கொழுப்பு வாஃபிளுக்கு நிறத்தையும் மணத்தையும் தருகிறது, வெள்ளைக்கரு வீணாகாமல் அதே தட்டில் சேர்கிறது.

என் அளவு இதுதான்: மைதா 30 கிராம், கார்ன்ஃபிளவர் மாவு 5 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, சமையல் சோடாவும் உப்பும் ஒவ்வொரு சிட்டிகை, இவற்றோடு கெட்டி மோர் 50 மில்லி, ஒரு மஞ்சள்கரு, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்பச் செய்வதால் மோரை விட்டுப் பாலை ஊற்றுபவர்கள் சோடாவையும் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நாக்கில் சோப்புச் சுவை நிற்கும். மாவு கட்டிகள் சிலவற்றோடு இருக்கும்போதே கலக்குவதை நிறுத்திவிடுவது நல்லது, மைதாவை அடிக்க அடிக்க அது இழுவை பெறும். இந்த அளவில் மூன்று மேசைக்கரண்டி வீதம் இரண்டு வாஃபிள்கள் வருகின்றன. சமையலறைத் தராசு இல்லாதவர்கள் மைதாவைத் தட்டையாக நான்கு மேசைக்கரண்டி எடுத்தால் போதும், ஒன்றிரண்டு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கருவி கோபித்துக்கொள்வதில்லை.

வெண்ணெயை உருக்கி ஊற்றினால் மணம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு போல நீரே இருப்பதால் மொறுமொறுப்பு சற்றுக் குறைகிறது. நான் எண்ணெயை மாவிலும், வெண்ணெயை வெந்த வாஃபிளின் மேலுமாக வைத்துக்கொண்டேன். அதைவிட முக்கியமானது, வெந்ததை எங்கே வைக்கிறோம் என்பது. தட்டில் படுக்கவைத்தால் அடிப்பக்கத்து ஆவி போக இடமின்றி இரண்டு நிமிடத்தில் நமத்துவிடும். கம்பித்தட்டு இல்லாத என் வீட்டில், முதல் வாஃபிளை ஒரு டம்ளரில் சாய்த்து வைக்கிறேன். இரண்டாவது வந்ததும் இரண்டையும் ஓலைக்கூரையின் இரு சரிவுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திவிட்டு மேப்பிள் சிரப்பை எடுக்கப் போகிறேன்.

சுத்தம் செய்வதில்தான் இந்த விலையின் சிக்கனம் தெரிகிறது. தட்டுகள் கழற்ற முடியாதவை, கருவியை நீரில் முக்கவும் கூடாது. மாவு வழியாத நாளில் ஈரத்துணியால் ஒரு துடைப்புப் போதும். வழிந்த நாளில் கீலின் இடுக்கில் காய்ந்த மாவைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் எடுக்க வேண்டியிருக்கிறது. டப்பாவில் வரும் தெளிப்பு எண்ணெயை இதில் அடிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அதில் கலந்திருக்கும் லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருள் சூட்டில் பிசினாகப் படிந்து, ஒட்டாத பூச்சையே ஒட்டும் பூச்சாக மாற்றிவிடும். மாவிலேயே எண்ணெய் இருப்பதால், பழகிய தட்டுக்கு மேலே தடவ வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. உலோகக் கரண்டி கூடாது. சாப்ஸ்டிக் குச்சி ஒன்றே வாஃபிளைக் கிளப்பப் போதுமானது.

பெல்ஜிய வாஃபிளை எதிர்பார்த்து இதை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். இதன் குழிகள் ஆழமற்றவை, வாஃபிளின் கனமும் குறைவு. பிரசெல்ஸ் நகரத்து வாஃபிள் செவ்வகமாக, ஆழ்ந்த குழிகளோடு, உள்ளே காற்றாக இருக்கும். லியேஜ் நகரத்து வாஃபிள் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவில் முத்துச் சர்க்கரை எனப்படும் சிறு சர்க்கரைக் கட்டிகளைப் புதைத்துச் சுடப்படுவது. அந்தச் சர்க்கரை உருகிப் பாகாகித் தட்டில் இறுகும் என்பதால், தட்டைக் கழற்ற முடியாத இந்தக் கருவியில் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. பிரசெல்ஸ் வாஃபிளை அமெரிக்கர்களிடையே பரவலாகப் புகழ்பெறச் செய்தது, என் வீட்டுக்கு அருகிலுள்ள ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் 1964-இல் தொடங்கிய உலகக் கண்காட்சி. பெல்ஜியத்திலிருந்து வந்த வெர்மெர்ஷ் குடும்பத்தார் அங்கே ஸ்ட்ராபெரிப் பழமும் அடித்த கிரீமும் வைத்து அதை விற்றார்கள். அதே ஃபிளஷிங்கில் 1977-இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயிலின் உணவகத்துக்குத் தோசைக்காக ஞாயிறுதோறும் போகிறவன் நான் என்பதால், இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடையில் விற்கும் உறைந்த வாஃபிளோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 1953 முதல் விற்பனையில் இருக்கும் எகோ போன்றவற்றை ரொட்டி வாட்டும் கருவியில் போட்டால் சில நிமிடங்களில் சூடாகிவிடும். கழுவப் பாத்திரமும் இல்லை. அவசரம் ஒன்றே அளவுகோல் என்றால் அதுவே சிறந்தது. செருகியதிலிருந்து இரண்டாவது வாஃபிளை எடுக்கும் வரை எனக்கு 11 நிமிடங்கள் ஆகின்றன. தட்டு சூடாகும் மூன்று நிமிடங்களுக்குள் மாவைக் கரைத்துவிடுகிறேன். அந்த நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பது, பல்லில் பட்டதும் முறியும் மேல்தோலும் உள்ளே மோர் மணக்கும் மென்மையும். உறைந்த வாஃபிளில் இரண்டும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொருவர் வீட்டில் தங்கும் நாளில் மட்டும் இந்தக் கணக்கு குலைந்துவிடும். நான்காவது வேகும்போது முதலாவது ஆறிப்போயிருக்கும். இருவர் உள்ள வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புளித்த இட்லி மாவை இதில் ஊற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஊற்றலாம். மாவில் கொழுப்பு இல்லாததால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் கலக்க வேண்டும், தட்டிலும் தடவ வேண்டும். சர்க்கரை இல்லாததால் நிறம் மெதுவாகத்தான் ஏறும், ஆறு நிமிடமாவது ஆகும். வெளியே பணியாரத்தின் மொறுமொறுப்பும் உள்ளே இட்லியின் பதமுமாக வருகிறது. மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெயைக் குழைத்து மேலே விட்டால் அது வழிந்தோடாமல் குழி குழியாகத் தங்குவதை, இந்தக் கருவியின் அறிவிக்கப்படாத சிறப்பாகவே கருதுகிறேன்.

ஊருக்குப் போகும்போது இதை யாருக்கும் பரிசாகக் கொண்டுபோக வேண்டாம். அமெரிக்காவில் விற்கும் இக்கருவி 120 வோல்ட்டுக்கானது; நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்போது சூடேற்றும் கம்பி இழுக்கும் திறன் நான்கு மடங்கை நெருங்கும் என்பதால், 350 வாட் கருவி அங்கே 1,280 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டர் முனைகளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அன்று. இதைப் படித்தும் மறந்துபோன நான் மதுரையில் அக்கா வீட்டில் செருகிக் காட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கிளம்பி, வீட்டு மின்சாரமே துண்டித்துக்கொண்டது. மாவுக் கிண்ணத்தோடு நின்ற அக்கா, “நீ தள்ளுடா தம்பி” என்று சொல்லிவிட்டுப் பணியாரக் கல்லை அடுப்பில் ஏற்றினார். மோரும் சோடாவும் கலந்த அந்த மைதா மாவு, கல்லில் எந்தத் தகராறும் செய்யாமல் ஏழு பணியாரங்களாக வெந்தது.