ஜேடியா, தாவ்பாவா? ஃப்ரிட்ஜ் வாங்கியவன் பார்வை

சீனாவின் ஷென்சென் நகரில் வீடு மாறியபோது ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டது. சீனாவின் பெரிய ஆன்லைன் கடைகளான தாவ்பாவிலும் ஜேடியிலும் ஒரே மாடல் இருந்தது. தாவ்பாவில் கொஞ்சம் மலிவு. நான் ஜேடியில் வாங்கினேன்.

இரண்டிலும் ஒரே பொருள் கிடைப்பதே முன்பு பெரிய சண்டை. 'எங்களிடம் விற்றால் அங்கே விற்காதே' என்று வணிகர்களை நெருக்கியதற்காக 2021-ல் தாவ்பாவை நடத்தும் அலிபாபாவுக்கு 1,800 கோடி யுவானுக்கு மேல் அபராதம் விழுந்தது. தேடலிலும் இதே கதைதான். 2008-ல் தாவ்பாவ் தன் பக்கங்களைச் சீனத் தேடுபொறியான பைடு துழாவ முடியாதபடி கதவடைத்தது. அதே ஆண்டு பைடுவும் ஓர் ஆன்லைன் கடை திறந்து பார்த்தது, ஓடவில்லை. அதனால் பொருள் தேட நேராக ஆப்புக்குள்தான் போக வேண்டும்.

வகைக்குத் தாவ்பாவ்தான். குக்கர் ரப்பர் வளையம் வரை கிடைக்கும். அதில் பேச்சே இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, சரக்கு யார் கையில் இருக்கிறது என்பது. தாவ்பாவ் 2003-ல் தொடங்கியதிலிருந்தே ஒரு சந்தை. விற்பவர் வேறு, கூரியர் வேறு. பொருள் கைக்கு வரும்வரை பணத்தை அலிபாபாவின் பணம் செலுத்தும் சேவையான அலிபே பிடித்து வைக்கும். கடைக்காரரிடம் கட்டணமும் வாங்காமல் இப்படி நம்பிக்கையைக் கொடுத்துத்தான் அமெரிக்க ஆன்லைன் சந்தையான ஈபேயை ஓரங்கட்டினார்கள். ஆனால் பொருளில் நசுங்கல் இருந்தால் கடைக்காரரிடம் சாட்டில் பேச வேண்டும். போட்டோ கேட்பார், 'கொஞ்சம் பணம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்களேன்' என்பார். நசுக்கியது கடையா கூரியரா என்ற வழக்கு தனி.

ஜேடி 2007-லிருந்தே சொந்தக் கிடங்கு, சொந்த டெலிவரி ஆட்கள் என்று பணத்தைக் கொட்டியது. ஏழு நாளில் திருப்பித் தரும் உரிமை 2014 முதல் சட்டப்படி எல்லாத் தளத்திலும் உண்டு. அதை எவ்வளவு அலைச்சலில் வாங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். ஒரு ஹெட்போன் பிடிக்காமல் திருப்பினேன். எங்கள் குடியிருப்புக்குத் தினமும் வரும் அதே ஜேடிக்காரர் மறுநாள் காலை வந்து, சீரியல் எண்ணைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃப்ரிட்ஜுக்கும் இந்த நிம்மதிதான் வேண்டியிருந்தது. ஒன்று கவனம்: பொருளின் பெயருக்கு முன்னால் 'சொந்த விற்பனை' என்ற சிவப்புக் குறி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அங்கேயும் வெளிக்கடைதான், நான் சொன்னது எதுவும் பொருந்தாது.

அப்புறம் சீனர்களின் அரட்டை ஆப்பான வீசாட். அதை நடத்தும் டென்சென்ட் 2014-ல் ஜேடியில் பங்கு வாங்கியதால் ஜேடி வீசாட்டுக்குள்ளேயே திறக்கும். தாவ்பாவ் பொருளை நண்பர் அதில் அனுப்பினால், பல வருடங்களாக இணைப்புக்குப் பதில் ஏதோ கிறுக்கல் எழுத்துதான் வந்தது. அதை நகலெடுத்து தாவ்பாவ் ஆப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஆன்லைன் கடையான பின்துவோதுவோவில் நான் பழமும் டிஷ்யூவும் தவிர வாங்கியதில்லை. விலை நிஜமாகவே குறைவு. பெரிய சாமானுக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

துணிமணி என்றால் என் மனைவி ஜேடி பக்கமே போவதில்லை. தாவ்பாவில் ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைத்து, இரண்டைத் திருப்பி அனுப்புகிறாள். பல கடைகள் திருப்பும் கூரியர் செலவுக்கும் காப்பீடு தருகின்றன.