ஒரு மாருத், நாலு வாசல்: போர் விமான சிமுலேட்டரில் சொந்த விமானம் சேர்க்க எது தோது?

பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத் போர் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னால், பின்னால், இறக்கைக்கு அடியில் குனிந்து, சக்கரக் கதவு மடங்கும் இடம் வரை. காவலர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்க. நீங்க என்ன சார், ஆணியை ஆணியா எடுக்கறீங்க?"

சிமுலேட்டரில் ஓட்ட ஒரு மாருத் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் புரியவைக்கத் தெம்பில்லை. சிரித்து வைத்தேன்.

எச்.எஃப்-24 மாருத்தின் கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த கர்ட் டாங்க் இந்தியாவுக்கு வந்து எச்.ஏ.எல்.லுக்காக உருவாக்கிய ஜெட். 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது, மொத்தம் 147 செய்தார்கள், 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத் தாக்குதலுக்குப் போனது. இதைச் செய்து விற்றால் வாங்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போடும் எந்த நிறுவனமும் இதைத் தொடாது. ஆசைப்பட்டவன்தான் செய்துகொள்ள வேண்டும்.

எந்த சிமுலேட்டரில் செய்வது என்பதுதான் கேள்வி. கிராபிக்ஸ் எப்படி, பிசிக்ஸ் எப்படி என்று யூடியூப் முழுக்க ஒப்பிட்டுத் தள்ளுகிறார்கள். மோட், அதாவது விளையாட்டில் நாமே செய்து சேர்க்கும் பொருள், செய்பவன் பார்க்கவேண்டியது வேறு: நான் செய்ததை நாளைக்கு இன்னொருவர் பிரித்து, திருத்தி, மறுபடி பூட்ட முடியுமா?

ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ் 2

தேர்ட் வயர் நிறுவனம் 2002-இல் தொடங்கிய வரிசை. இரண்டாம் தலைமுறை 2008-இல் வந்தது. இன்றைக்குப் பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். ஆனால் விமானத்தின் ஜாதகம் முழுவதும் நோட்பேடில் திறக்கிற ஐ.என்.ஐ. கோப்புகளில் இருக்கிறது. பறக்கும் குணத்துக்கு ஒன்று, காக்பிட்டுக்கு ஒன்று, ஆயுதம் மாட்டுவதற்கு ஒன்று. எதற்கும் பூட்டு இல்லை.

மாருத்துக்கு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 21.6 கிலோநியூட்டன். உந்துவிசை வரியில் 21600 என்று அடித்து, கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னருக்கான வரிகளைத் தூக்கிவிட்டால் எஞ்சின் முடிந்தது. உயிரை வாங்குவது அடுத்த வேலை. மாக் எண் (ஒலிவேகம் என்றால் 1) ஏற ஏற இழுவை எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு நீண்ட எண் வரிசை உண்டு. மாக் 2-ஐ மனத்தில் வைத்து வரைந்த விமானம், தோதான எஞ்சின் கிடைக்காமல் ஒலிவேகத்தை ஒட்டியே நின்றுபோன சோகம் மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் வரவேண்டும். 0.95-க்குப் பக்கத்து எண்ணைத் துளி கூட்டினால் விமானம் சேற்றில் இறங்கிய எருமையாகிவிடுகிறது. துளி குறைத்தால் ஒலியை முந்தும் மிராஜாகிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஒரு எண்ணோடு மல்லுக்கட்டினேன். சேமி, விளையாட்டைத் திற, பற, மூடு, மாற்று. நல்லவேளை, விளையாட்டு திறக்க அதிக நேரம் பிடிக்காது. பழசாக இருப்பதில் அப்படியும் ஒரு லாபம்.

காக்பிட் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. விளையாட்டின் ஐரோப்பியப் பதிப்பில் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் ஜெட் இருக்கிறது, அதன் காக்பிட்டை இரவல் வாங்கினேன். இரவல் என்றால் கோப்பை நகலெடுப்பது அல்ல, என் ஐ.என்.ஐ.யில் அதன் பெயரைக் குறிப்பிட்டால் போதும், விளையாட்டே தன் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். யாருடைய உழைப்பையும் என் ஜிப்பில் அடைத்து அனுப்பும் பாவம் இல்லை. ஒரே நிபந்தனை, வாங்கி ஓட்டுகிறவரிடமும் அந்தப் பதிப்பு இருக்கவேண்டும்.

குறை என்னவென்றால், முப்பரிமாண உருவம் எல்.ஓ.டி. கோப்பாக ஏற்றுமதியானதும் கல்லாகிவிடும். திரும்பத் திறந்து ஒரு ஆன்டெனா சேர்க்க முடியாது. செய்தவர் மூலக் கோப்பைத் தொலைத்துவிட்டால் தொலைத்ததுதான். இதைச் சமாளிக்க மோடர்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. விமானிப் பொம்மையைத் தனிக் கோப்பாக உள்ளே உட்கார வைக்க விளையாட்டு இடம் தருகிறது அல்லவா? புதிய வாலையோ ஆன்டெனாவையோ தனியாகச் செய்து, "இதுவும் ஒரு விமானிதான்" என்று விளையாட்டிடம் பொய் சொல்லி, வேண்டிய இடத்தில் உட்கார வைப்பது. போலி விமானி உத்தி என்றே இதற்குப் பெயர். ஒரு வாலும் ஐந்தாறு ஆன்டெனாவும் ஒட்டிய விமானத்தில் விளையாட்டின் கணக்குப்படி ஏழெட்டு விமானிகள் பறந்துகொண்டிருப்பார்கள்.

டி.சி.எஸ். வேர்ல்டு

இது எதிர்த் துருவம். ஈகிள் டைனமிக்ஸின் டி.சி.எஸ். அடிப்படையில் இலவசம், சு-25டி, டி.எஃப்-51டி என்ற இரண்டு விமானங்கள் கூடவே வரும், மற்றவை காசுக்கு. விற்கிற விமானங்களின் உள் கோப்புகள் பூட்டியிருக்கும். திண்ணை மட்டும் எல்லோருக்கும் பொது.

அந்தத் திண்ணையில் மூன்று படி. முதல் படி லிவரி, அதாவது பெயிண்ட். இரண்டாவது, எளிய பறப்பு மாதிரியோடு ஒரு விமானம். லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்பில் மாக் எண்ணுக்கு எதிரே இழுவையும் தூக்குவிசையும் எழுதிய அட்டவணை; ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸில் நான் மல்லுக்கட்டிய அதே எண்கள்தான், சட்டை மட்டும் வேறு. காக்பிட் இங்கேயும் இரவல்தான். காசு விமானத்தின் காக்பிட்டை எடுத்தால் ஓட்டுகிறவரும் அதை வாங்கியிருக்க வேண்டும். சு-25டி-யுடையதை எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அதில் ரேடார் கிடையாது, மாருத்திலும் கிடையாது. பொருத்தம் பிரமாதம்.

மூன்றாவது படிதான் மலை. சி++ மொழியில் பறப்பு மாதிரியை நாமே எழுதி, காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சையும் உயிர்ப்பிப்பது. அது முடியும் என்று காட்டியது ஏ-4இ ஸ்கைஹாக். சமூகமாகச் சேர்ந்து செய்த இலவச விமானம், விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும், காசு கொடுத்து வாங்கும் சிலவற்றைவிடச் சுத்தமாக இருக்கும். அதன் மூல நிரல், நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு குழு பல வருடம் இழுத்த தேர்.

விமானத்தின் அசைவெல்லாம் இங்கே எண்ணால் ஓடுகிறது. 0 என்றால் மூக்குச் சக்கரம், 3 வலது சக்கரம், 5 இடது சக்கரம், 38 காக்பிட் மூடி. இந்த எண்களுக்கு உங்கள் அனிமேஷனைக் கட்டிவிட்டால் சக்கரம் எப்போது இறங்கவேண்டும் என்பதை விளையாட்டு பார்த்துக்கொள்ளும். எல்லா விமானத்துக்கும் அதே எண் என்பதால் அடுத்தவருடைய வேலையைப் படிப்பது சுலபம்.

லிவரி கதைக்கு வருகிறேன். இந்திய மிக்-21-க்கு ஒரு பெயிண்ட் செய்து கோயம்புத்தூர் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு போன்.

"அண்ணே, படத்துல சூப்பரா இருந்துச்சு. எனக்கு வால் மட்டும் பெயிண்டே இல்லாம நிக்குதுங்களே?"

"என் கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கேப்பா."

"உங்கள்து நல்லாத்தான் இருக்கும். நான் என்னுதைச் சொல்றேன்."

லிவரி ஃபோல்டரில் ஒரு விவரக் கோப்பு இருக்கும். எந்தப் பாகத்துக்கு எந்தப் படம் என்று வரிவரியாக எழுதி, கடைசியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஃபால்ஸ் என்றால் "படத்தை இந்த ஃபோல்டரிலேயே தேடு". ட்ரூ என்றால் "விளையாட்டின் பொது இடத்தில் தேடு". வாலுக்கு நான் ட்ரூ போட்டிருந்தேன். முன்பு ஏதோ சோதனைக்காகப் படத்தின் நகலை நானே பொது இடத்தில் போட்டுவைத்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து, அனுப்புவதற்கு முன்னால் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை.

பலர் சேர்ந்து ஆடும்போது இன்னொரு முடிச்சு. மோட் விமானம் உள்ள மிஷனைத் திறக்க, அந்த மோட் எல்லோரிடமும் இருக்கவேண்டும் என்று விளையாட்டு கேட்கும். மிஷன் கோப்பு வெறும் ஜிப்தான். பிரித்து, உள்ளே "தேவையான மாட்யூல்கள்" பட்டியலில் அந்தப் பெயரை அழித்துவிட்டு மறுபடி கட்டுகிற ஆட்கள் உண்டு. மிஷன் திறக்கும், ஆனால் மோட் இல்லாதவர் உங்களோடு சரியாகச் சண்டை போடுவார் என்று நம்பவேண்டாம். அதோடு விளையாட்டு அப்டேட் ஆகும்போதெல்லாம் மோட் செய்தவரும் கூடவே ஓடவேண்டும். ஓடுவதை நிறுத்திய விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றுவிடும்.

ஐ.எல்-2 ஸ்டுர்மோவிக்: 1946

2001-இல் வந்த ஐ.எல்-2 வரிசையின் 2006 தொகுப்பு. இங்கே வாசலை யாரும் திறந்து வைக்கவில்லை; 2007-இல் பூட்டை உடைத்தார்கள். எஸ்.எஃப்.எஸ். என்ற காப்பகக் கோப்புகள் அவிழ்ந்ததும் புதிய சத்தம், புதிய காக்பிட், புதிய விமானம் என்று வெள்ளம். கூடவே சண்டையும். பறக்கும் குணத்தைத் திருத்த முடிந்தால் ஆன்லைனில் எவனும் ஏமாற்றலாமே என்ற பயம் நியாயமானது. அதற்காக சர்வர்களில் கோப்புச் சோதனை வந்தது. ஒரு பக்கம் டீம் டைடலோஸ் என்ற தன்னார்வலர் குழு அதிகாரபூர்வ பேட்ச்களைக் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மோட் பொதிகள் தனித்தனி ராஜ்ஜியமாக வளர்ந்தன.

கர்ட் டாங்க் காகிதத்தோடு நிறுத்திய டா-183 ஜெட் இந்த 1946 தொகுப்பிலேயே இருப்பதால், அவருடைய மாருத்துக்கு இதுதான் தாய்வீடு என்று ஆசையாகப் போனேன். விமானம் சேர்க்க ஜாவா கிளாஸ் எழுதவேண்டும், பட்டியல் கோப்பில் ஒரு வரி சேர்க்கவேண்டும், பெயரையும் ஆயுதத்தையும் வேறு கோப்புகளில் சொல்லவேண்டும். எங்காவது ஒரு எழுத்து பிசகினால் விளையாட்டு 70 சதவீதம் ஏறி அப்படியே நிற்கும். என்ன தப்பு என்று வாய் திறக்காது. ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸிலும் டி.சி.எஸ்.ஸிலும் மோட் எல்லாம் சேவ்டு கேம்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கும், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். இங்கே விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே போகிறது, அதனால் விவரம் தெரிந்தவர்கள் மொத்த விளையாட்டையும் மூன்று நான்கு நகல் வைத்திருப்பார்கள். நான் ஒன்றுதான் வைத்திருந்தேன்.

பகிர்வதில் இதற்கு ஒரு குணம் உண்டு. தனி விமானமாக யாரும் தேடுவதில்லை, பெரும் பொதியாகவே இறக்குகிறார்கள். உங்கள் விமானம் பொதிக்குள் போனால் நிறையப் பேர் ஓட்டுவார்கள். செய்தது நீங்கள் என்று அவர்களில் சிலருக்குத்தான் தெரியும்.

இதே வரிசையில் 2011-இல் வந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவரில் கதை வேறு மாதிரி முடிந்தது. கோளாறுகளோடு கைவிடப்பட்ட விளையாட்டை டீம் ஃப்யூஷன் என்ற மோடர் குழு சரிசெய்து, பிறகு உரிமையாளரின் ஒப்புதலோடு 2017-இல் பிளிட்ஸ் பதிப்பாகவே கடையில் வைத்தது.

ஃபால்கன் பி.எம்.எஸ்.

1998-இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0-வின் மூல நிரல் 2000-இல் கசிந்தது. அதிலிருந்து குடித்தனக்காரர்களே வீட்டை இடித்துக் கட்டினார்கள். இன்று அசல் விளையாட்டை வைத்திருப்பவர்களுக்கு பி.எம்.எஸ். இலவசம். எஃப்-16-க்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. ஆனால் தனி மனிதன் ஒரு மாருத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் இடம் இது அல்ல. இங்கே உயிர்நாடி விமானம் அல்ல, தானாக ஓடும் போர். புதிய விமானம் என்றால் அதற்கு ஸ்குவாட்ரன், தளம், பணி எல்லாம் தரவுத்தளத்தில் ஏறவேண்டும். அதுவும் ஒரு போர்முனைக்குச் சேர்த்தது இன்னொன்றில் வராது. போர்முனையையே கட்டும் குழுவோடு சேர்ந்துகொள்வதுதான் நடைமுறை. சேர்ந்துவிட்டால் ஒன்று சொல்லவேண்டும்: நீங்கள் ஓட்டாத நேரத்திலும் உங்கள் விமானம் அங்கே யாரோ ஒருவரின் போரில் பறந்துகொண்டிருக்கும். மற்ற மூன்றிலும் இல்லாத சுகம் அது.

வார் தண்டர் என்ற ஆன்லைன் விளையாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே பெயிண்ட் மாற்றலாம், நாமாக ஒரு விமானத்தைச் சேர்த்து ஆன்லைனில் ஓட்ட முடியாது.

நான் எடுத்த முடிவு

நாலிலும் பொதுவான ஒரு பாவம் இருக்கிறது, வேறு விளையாட்டிலிருந்து உருவத்தை உருவி எடுத்துச் "சொந்தமாகச் செய்தது" என்று போடுவது. செய்தவர்கள் ரிவெட் வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றபடி, முதல் விமானம் செய்பவருக்கு நான் ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ் 2-ஐத்தான் சொல்வேன், கண்ணுக்கு அழகில்லை என்றாலும். மூன்று பேர், மூன்று வருடம், அதில் ஒருவருக்கு சி++ தெரியும் என்றால் டி.சி.எஸ். ப்ரொபெல்லர் விமானமும் ஆரம்பகால ஜெட்டும் பிடித்தவர், 70 சதவீதத்தைத் தாங்கும் மனசுள்ளவர், ஐ.எல்-2.

என் மாருத் முதலாவதில்தான் பறக்கிறது. ஜிப்புக்குள், உருவம் செய்த 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளின் மூலக் கோப்பையும் சேர்த்தே வைத்துவிட்டேன். ஆனாலும் கொஞ்ச நாள் கழித்து முகம் தெரியாத ஒருவர் இரண்டு இருக்கை மாருத் 1டி-யைச் செய்து அனுப்பியபோது அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. அவரிடம் மேக்ஸ் இல்லையாம். நோட்பேடும், வேறொரு இலவச விமானத்திலிருந்து அனுமதி கேட்டு வாங்கிய ஒரு பொம்மையும்தான். பின் இருக்கையைப் போலி விமானி உத்தியில் சேர்த்திருந்தார். திறந்து பார்த்தேன். அத்தனை வருடமாக வாலுக்கும் ஆன்டெனாவுக்கும் பொய் சொல்லிக்கொண்டிருந்த அந்த வரியில், முதல் தடவையாக நிஜமாகவே ஒரு விமானி உட்கார்ந்திருந்தார்.