அப்புச்சிக்கு விழுங்கும் பயிற்சி கொடுத்த ஈரோடு ஸ்பீச் தெரபி சென்டர்

அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) பக்கவாதம் வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூக்கு டியூபை எடுத்ததும் "இனி வாயில் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள், எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. சாதம் ஓரளவு இறங்கியது, தண்ணீர் குடித்தால்தான் புரையேறும், அம்மாயி (பாட்டி) தலையில் தட்டிவிட்டு இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுப்பார். மூன்றாவது வாரம் நிமோனியா.

அதற்கப்புறம்தான் நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்து இந்த சென்டருக்கு வந்தோம். பேச்சுதான் வந்துவிட்டதே, ஸ்பீச் தெரபி எதற்கு என்று மாமா கேட்டார். பேசுவதும் விழுங்குவதும் அதே நாக்கும் தொண்டையும்தானுங்க என்றார் அங்கே தெரபி கொடுக்கும் அம்மணி.

முதல் நாள் முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். ஒவ்வொரு வாய்க்கும் குரல்வளையில் விரலை வைத்து அது மேலே ஏறுகிறதா என்று பார்ப்பார், விழுங்கியதும் "ஆ" சொல்லச் சொல்வார். குரல் களகளவென்று வந்தால் தொண்டையில் நீர் தங்கியிருக்கலாமாம். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே வீடியோவும் எடுக்கச் சொன்னார். தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும், மூச்சுக்குழல் மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும், கெட்டியானது மெதுவாகப் போகும் என்று அவர் சொன்னபோது, நாங்கள் அத்தனை நாள் தண்ணீர் கொடுத்ததை நினைத்து அம்மாயி அழுதுவிட்டார்.

எனக்குப் பிடித்தது, வீட்டில் என்ன சமைக்கிறோம் என்று கேட்டு அதிலேயே வழி சொன்னது. அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழையக் கடைந்து, கம்பங்கூழைக் கட்டியில்லாமல் கரைத்து, ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டாமல் மொத்தமாக நழுவும் பதத்தில் கொடுக்கணும். சந்தகை (இடியாப்பம் மாதிரி) இப்போதைக்கு வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கணும் (எக்ஸ்ரேயில் அப்புச்சிக்கு அது ஒத்துவந்தது, எல்லாருக்கும் ஒத்துவராதாம்), சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வாயைச் சுத்தமாக வைத்திருக்கணும். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. முதலில் பத்து விநாடிகூட முடியாதவர் இப்போது ஒரு நிமிடம் பிடிக்கிறார்.

குறை ஒன்று, மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. பக்கவாதக்காரர்கள் வரும் இடத்தில் இது பெரிய தப்பு, நாங்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் ஏறினோம், உடனே சரிசெய்யணும்.

மூன்று மாதமாகிறது, போன வாரம் டம்ளரில் டீ, சின்னச் சின்ன மடக்காக. டியூப் எடுத்தவுடனே வந்திருக்கணும். நீங்கள் போனால் வீட்டுச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்க, அதைக் கொடுத்துத்தான் பார்ப்பார்.