அடுத்த மான் பருவத்துக்கு எதை மாற்றுவது: வில்லையா, பரணையா, நிலத்தையா?

ஒஹாயோவில் வில் வேட்டைப் பருவம் பிப்ரவரி முதல் ஞாயிறோடு முடிந்தது. அன்று இரவே என் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செப்டம்பர் கடைசியிலிருந்து 23 முறை மரத்தில் கட்டிய பரண் ஏறியிருக்கிறேன். கிடைத்தது ஒரு பெட்டை மான், அதுவும் துப்பாக்கி வாரத்தில். கிட்டத்தில் இருந்தும் தப்பிப் போனவை ஏழு. அந்த ஏழும் எப்படித் தப்பின என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். ஐந்து மான்கள் என் வாடை பட்டு ஓடியவை. ஒன்று நான் அசைந்ததைக் கண்டுகொண்டது. ஒன்றே ஒன்று குறுக்குவில்லின் (துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் வில்) சத்தத்தைக் கேட்டு உடலைத் தாழ்த்த, அம்பு அதன் முதுகுக்கு மேலே போனது.

அடுத்த பருவத்துக்கு நான் ஒதுக்கியிருப்பது 1,500 டாலர். அதில் எதை வாங்கினாலும், எதை மாற்றினாலும் இந்த ஏழு மான்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள ஒப்பீடுகள் எல்லாமே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கொலம்பஸிலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம், ஏதென்ஸ் கவுண்டியில் 38 ஏக்கர் மேடுபள்ளமான காடு. ஓக்கும் ஹிக்கரியும் மேப்பிளும் கலந்தது. நடுவில் ஒரு அடர்ந்த புதர், மான்கள் பகலில் அங்கேதான் படுக்கின்றன. கிழக்கு ஓரத்தில் ஒரு ஓடை. வாயில்கதவு மேற்கே.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கே அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒஹாயோவின் கதை வேறு. 1904 வாக்கில் இந்த மாநிலத்தில் வெள்ளைவால் மானே இல்லாமல் போய்விட்டது. மறுபடி பெருக விட்டு, 1943-இல் மூன்று கவுண்டிகளில் மட்டும் வேட்டையைத் திறந்தார்கள். ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத காட்டில் இன்று மான் தொகையைக் கட்டுக்குள் வைப்பதே உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்கள்தான். 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் வரி வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. அந்தப் பொறுப்பை மனதில் வைத்துத்தான் வேட்டைக்குப் போகிறேன்.

குறுக்குவில்லா, காம்பவுண்ட் வில்லா?

மூன்று வருடமாக மனதில் அரித்துக்கொண்டிருக்கும் ஆசை காம்பவுண்ட் வில், அதாவது நுனிகளில் கப்பி பொருத்திய, கையால் இழுக்கும் வில். நாணை முழுதாக இழுத்ததும் சுமையில் சுமார் எண்பது சதவீதம் குறைந்துவிடும், குறிபார்த்து நிற்கலாம். குறுக்குவில்லைவிடச் சத்தம் குறைவு, கையில் பாரமும் குறைவு. பரணுக்குப் பதில் சேணம் என்னும் இடுப்புக் கட்டில் மரத்தில் தொங்கியபடி எய்வதற்கும் அதுவே தோது.

ஆனால் மான் 15 கெஜத்தில் நிற்கும்போது அந்த நாணை இழுத்தாக வேண்டும். அசைவைப் பார்த்து ஒரு மான் என்னிடமிருந்து தப்பியது என்றேனே, குறுக்குவில்லை மடியிலிருந்து தோளுக்குத் தூக்கிய அசைவுக்கே அது ஓடியது. கையை முழுக்கப் பின்னுக்கு இழுக்கும் அசைவுக்கு என்ன ஆகும்? அதைவிடப் பெரிய விஷயம் பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள், கோடை முழுக்க எய்தால்தான் 30 கெஜத்தில் நெஞ்சுக்கூட்டில் அம்பு விழும் என்று நம்ப முடியும். எனக்கு அந்த நேரம் இல்லை. பயிற்சி போதாமல் எய்து, காயத்தோடு ஓடும் மானை இரவெல்லாம் தேடுவது எனக்கு ஒத்துவராது.

சத்தத்துக்குத் தாழ்ந்த மான் விஷயத்தில் வேகத்தைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகும். என் குறுக்குவில்லின் அம்பு போவது 380 அடி. 40 கெஜத்தில் மான் சத்தத்தைக் கேட்டு, துள்ளுவதற்காகக் காலை மடக்கி முடித்த பிறகுதான் அம்பு போய்ச் சேரும். புது வில் வாங்கி வேகத்தை 420 ஆக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. தூரத்தைக் குறைத்தால் மாறும். சரி, முடிவு: பழைய குறுக்குவில்லே இருக்கட்டும், நாணை மட்டும் மாற்றுகிறேன். 30 கெஜத்துக்கு அப்பால் எய்வதில்லை. செலவு நூறு டாலருக்குள்.

ஷாட்கன்னா, ரைஃபிளா?

இதை வேகமாக முடித்துவிடலாம். ஒஹாயோவில் மானுக்குச் சில வகை ரைஃபிள்கள்தான் செல்லும். 2014 முதல் கழுத்து குறுகாத, நேர்ச்சுவர் தோட்டா போடும் ரைஃபிள்களுக்கு அனுமதி உண்டு. 2019-இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .350 லெஜண்ட் அந்த வகைத் தோட்டா, உதைப்பு குறைவு. .450 புஷ்மாஸ்டர் இன்னும் பலம், தோளிலும் இன்னும் பலமாக அடிக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் .350 லெஜண்ட் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். சோயா வயலோரம் 150 கெஜம் பார்க்க வேண்டியவருக்கும் அதுவே சரி. என் காட்டில் ஆக நீண்ட பார்வை 90 கெஜம். உள்ளே சுழல்வரி வெட்டிய குழல் போட்ட என் 20 கேஜ் (குழலின் அளவு) ஷாட்கன் அதற்கு தாராளம்.

நான் மாற்றப்போவது தோட்டாவை. ஈயத் தோட்டா எலும்பில் பட்டுச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறியில் தங்கும். வேகமான ரைஃபிள் குண்டைவிட, ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் குண்டான ஸ்லக்கில் சிதறல் குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கறியைத்தான் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து என் பெண்ணுக்குப் பரிமாறுகிறேன். முழுச் செம்பு ஸ்லக் விலை அதிகம் என்றாலும் பருவத்துக்கு இரண்டு பெட்டி போதும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஏணிப் பரணா, சேணமா?

நம் தினைப்புனத்துப் பரண் போலத்தான் இங்கேயும், மரத்தில் கட்டிய இருக்கை. ஏணிப் பரண் என்றால் 15, 18 அடி இரும்பு ஏணி, மேலே இருக்கை, மரத்தோடு சேர்த்துக் கட்டிய பட்டைகள். வசதியானது, விலை சுமார் 200 டாலர். நிறுத்த இரண்டு பேர் வேண்டும். ஒருமுறை நிறுத்திவிட்டால் நகர்த்த மனம் வராது. அதில்தான் சிக்கல். நான் பள்ளத்தில் மூன்று மான்தடங்கள் கூடும் இடத்தில் நிறுத்தினேன். பார்க்க அருமையான இடம். ஆனால் பள்ளத்தில் காற்று நிலையாக வீசாது, சுழலும். வாடை பட்டு ஓடிய ஐந்தில் மூன்று மான்களை இழந்தது அந்தப் பரணில்தான்.

சேணம் என்பது இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொண்டு கயிற்றில் மரத்தோடு சாய்ந்து தொங்கும் அமைப்பு. காலுக்கு ஒரு சின்னப் பலகை, ஏற நாலு குச்சிப்படி. எல்லாம் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கும். காற்று வடக்கே திரும்பினால் நாமும் மரம் மாற்றிக்கொள்ளலாம். என் மேட்டுச்சரிவில் இது பெரிய வசதி. காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து தண்ணீர் மாதிரி கீழே வழியும். வேளைக்குத் தகுந்த மரம் வேண்டும். முழுத் தொகுப்பு 600 டாலர் ஆகும். ஏழு மான்களில் மூன்றுக்கு இது பதில் சொல்கிறது என்பதால் எனக்கு நியாயமான செலவாகப் படுகிறது. குறுக்குவில்லைச் சேணத்தில் கையாள்வது கொஞ்சம் தடங்கல்தான், அதை ஆகஸ்ட்டில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பழகிக்கொள்ளப் போகிறேன்.

அப்போ ஏணிப் பரணைத் தூக்கிப் போடுவதா? இல்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. "அப்பா, அடுத்த வருஷம் நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். 17 வயது வரையுள்ளவர்களுக்கு நவம்பரில் தனியாக ஒரு வார இறுதி உண்டு, கூட வேட்டையாடாத பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வழக்கமான உரிமம் வாங்கும் முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும், அதைக் கோடையில் முடிப்பாள். அவளோடு உட்கார இருவர் அமரும் ஏணிப் பரண் ஒன்று தேவை. அதைப் பள்ளத்தில் வைக்க மாட்டேன், சரிவின் மேல்பகுதியில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் வைப்பேன்.

எந்தப் பரணாக இருந்தாலும் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். முழு உடல் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்கும் வரை கழற்றக்கூடாது. விழுபவர்களில் நிறையப் பேர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அப்புறம் மரத்தைப் பாருங்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு இந்தப் பக்கத்து ஆஷ் மரங்களைக் கொன்று தீர்த்துவிட்டது. நின்றபடியே செத்த ஆஷ் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். அதில் பரண் கட்டாதீர்கள், அதன் பக்கத்திலும் வேண்டாம். பரணைக் கட்டிய, வெயிலில் கிடந்த பட்டைகளை வருடாவருடம் சோதித்து மாற்றுங்கள். அணில் கடித்த பட்டை ஒன்றை நானே போன மாதம் கழற்றினேன்.

தீவனப் பாத்தியா, மரம் அறுப்பதா?

நிலத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் நினைப்பது மானுக்குத் தீவனம் விதைப்பதைத்தான். நானும் அரை ஏக்கர் குளோவர் என்னும் தீவனச் செடி போடலாம் என்று மண்ணைச் சோதனைக்கு அனுப்பினேன். பி.எச். அளவு 5.2 என்று வந்தது, அதாவது மண்ணில் அமிலம் அதிகம். குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். அரை ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். என் சரிவில் லாரி ஏறாது. 40 பவுண்டு மூட்டையாக 50 மூட்டை சுமக்க வேண்டும். போட்டாலும் மண்ணில் வேலை செய்யப் பல மாதம் ஆகும். உழ, களை எடுக்க, பிறகு வருடாவருடம் பராமரிக்க வேறு.

குளோவரின் நன்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஓக் காய்க்காத வருடத்தில் பச்சைத் துண்டு ஒன்று இருந்தால் மான்கள் அங்கேதான் வரும். சமநிலமும் டிராக்டரும் உள்ளவர் தயங்காமல் போடலாம்.

எனக்கு அறுவை இயந்திரம்தான் வழி. காரணம் என் காட்டின் நிலைமை. வெள்ளை ஓக் மரங்கள் இருக்கின்றன, ஆனால் சிவப்பு மேப்பிளும் பீச்சும் அவற்றை நெருக்கி, உச்சியில் வெயில் படாமல் செய்துவிட்டன. வெள்ளை ஓக் காய் ஒரே வருடத்தில் முற்றும், துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தேடும். சிவப்பு ஓக் காய்க்கு இரண்டு வருடம், துவர்ப்பும் அதிகம். நாற்பது வெள்ளை ஓக்கைச் சுற்றியுள்ள மரங்களை எடுத்துவிட்டால் கிளை விரிந்து காய்ப்பு கூடும். வெட்டிய மேப்பிளின் அடியிலிருந்து துளிர்க்கும் தழையை மான் விரும்பித் தின்னும். வெயில் விழுந்த தரையில் கருப்பெர்ரி முள்ளும் செடிகொடியும் எழும். சுண்ணாம்பு சுமக்காமலே உணவும் மறைவும் சேர்ந்து கிடைக்கும்.

மரத்தை இடுப்பளவில் பாதி அறுத்து உயிரோடு சாய்க்கும் முறையும் இருக்கிறது. படுக்கை மறைவு உடனே கிடைக்கும் என்பதால் பலருக்குப் பிடித்தது. எனக்கு இரண்டு தயக்கம். அறுக்கும்போது தண்டு நெடுக்காகப் பிளந்து முகத்தில் அடிக்கக்கூடும். சாய்ந்த மரக் குவியலுக்குள் பிறகு நாமும் போக முடியாது. பயனற்ற சின்ன மரங்களில் மட்டும், புதரின் ஓரத்தில் கொஞ்சம் செய்வேன், அதுவும் ஆள் துணையோடு, தலைக்கவசமும் காலுக்கு வெட்டுத் தடுப்புக் கவசமும் போட்டுக்கொண்டு. ஓக்கைக் காயப்படுத்தும் எந்த வேலையையும் ஏப்ரலுக்கு முன் முடித்துவிட வேண்டும். வாடல் நோயைச் சுமக்கும் வண்டுகள் இளவேனிலில்தான் புதுக் காயத்தைத் தேடி வரும்.

மாநில வனப்பிரிவின் அலுவலர் ஒருவர் இலவசமாக வந்து நடந்து பார்த்து, எதை எடுக்கலாம் என்று சொல்லிப் போவார். அறுப்பதற்கு முன் அவரைக் கூப்பிடுங்கள். தப்பாக வெட்டிய ஓக்கைத் திரும்பப் பெற எண்பது வருடம் காத்திருக்க வேண்டும்.

முன்பு வெட்டிய மரங்களை இழுத்துப் போட்ட வெட்டவெளி ஒன்று கால் ஏக்கர் இருக்கிறது. அதில் மட்டும் செப்டம்பர் தொடக்கத்தில் ரை தானியத்தைக் கையால் தூவிவிடப் போகிறேன். அமில மண்ணிலும் முளைக்கும், குளிரிலும் பச்சையாக நிற்கும். ஒரு மூட்டை போதும்.

செலவில்லாத மாற்றம்

வாடை பட்டு ஓடிய மற்ற இரண்டு மான்கள் பரணில் இருந்தபோது ஓடியவை அல்ல. விடியுமுன் நான் நடந்து போகும்போதே புதரிலிருந்து எழுந்து சீறிக்கொண்டு போனவை. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். நான் மேற்கு வாயில் வழியாக நுழைகிறேன். அப்படியானால் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே என் வாடை புதருக்குப் போய்விடுகிறது. மூன்று வருடம் இதையே செய்திருக்கிறேன். வாடை போக்கும் திரவம், வாடை புகாத பெட்டி, ஓசோன் கருவி எதுவும் இதைச் சரிசெய்யாது.

கிழக்கு ஓடை வழியாக வந்தால் வாடை புதருக்கு எதிர்ப்பக்கம் போகும். குளிர்ந்த காற்றும் ஓடையோடு கீழே இறங்கிவிடும், தண்ணீரில் நடப்பதால் சருகுச் சத்தமும் இல்லை. ஓடைக்குப் போகப் பக்கத்து விவசாயியின் நிலத்தில் முன்னூறு கெஜம் நடக்க வேண்டும். போன வாரம் போய்க் கேட்டேன். எழுத்தில் அனுமதி தருவதாகச் சொன்னார், பதிலுக்கு எல்லை வேலியில் சாய்ந்து கிடக்கும் இரண்டு ஆஷ் மரங்களை நான் அகற்றித் தர வேண்டும்.

குளமும் பெட்டை மானும்

சின்னக் குளம் ஒன்று தோண்டலாம் என்ற யோசனையும் இருந்தது. 2025 கோடையில் எங்கள் தென்கிழக்கு ஒஹாயோவில் இ.எச்.டி. என்னும் ரத்தக்கசிவு நோய் பரவி, ஓடைக்கரைகளில் மான்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு அதை நிறுத்திவைத்தேன். அந்த நோயைப் பரப்பும் குறும் ஈக்கள் வற்றிக்கொண்டிருக்கும் நீரின் சேற்று விளிம்பில்தான் பெருகுகின்றன. நல்ல உறைபனி விழுந்த பிறகுதான் அடங்கியது.

வழக்கமாகக் குடும்பத்துக்கு இரண்டு பெட்டை மான் கறி வைப்போம். காட்டில் கட்டிய கேமராவில் போன வருடம் தெரிந்ததில் பாதிகூட இப்போது மான் தெரியவில்லை. அடுத்த பருவத்தில் என் பங்குக்குப் பெட்டை மான் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மகளுக்கு முன்னால் எது வந்து நின்றாலும், எய்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். சனிக்கிழமை பக்கத்து நிலத்து ஆஷ் மரங்களை எடுக்கப் போகிறோம், அவளும் கையுறை வாங்கிவிட்டாள்.