ஆனிக்ஸ்: மூளை ஏ.வி.எம்.மை அடைக்கும் கருந்திரவம் எப்படி?

மதிப்பெண்: 5-க்கு 4. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாத கையில் இதுவே ரத்தக்கசிவை வரவழைத்துவிடும்.

தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கும் தந்துகிகள்தான் ரத்தத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் தணிக்கின்றன. ஏ.வி.எம். என்பது தமனியும் சிரையும் தவறாகப் பின்னிக்கொண்ட ரத்தநாளக் கோளாறு, அதில் அவை கிடையா. நைடஸ் என்கிற பின்னல் முடிச்சு வழியாகத் தமனி ரத்தம் நேரே சிரைக்குள் பாய்கிறது. அந்த அழுத்தம் சிரைச் சுவருக்குப் பழக்கமில்லாதது. ஓரிடத்தில் தடிக்கும், இன்னோரிடத்தில் மெலிந்து உப்பும். நைடஸுக்குள் சிறு அனியூரிசம் (ரத்தநாளச் சுவரின் புடைப்பு) இருந்தாலோ, வடிகால் சிரை குறுகியிருந்தாலோ, ஆழ்சிரைகளுக்குள் மட்டும் வடிந்தாலோ ஆபத்து கூடுதல். சராசரியாக ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பேருக்குக் கசிகிறது. ஏற்கெனவே கசிந்தவர்களுக்கு அடுத்த சில மாதங்கள் இன்னும் மோசம்.

ஆக, அடைக்க வேண்டியது நைடஸை. வரும் தமனியை மட்டும் அடைத்தால் பக்கத்துக் கிளைகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். நைடஸ் திறந்திருக்கும்போதே வடிகால் சிரை அடைபட்டால், உள்ளே வந்த ரத்தத்துக்குப் போக்கிடமில்லாமல் மெலிந்த சுவர் கிழியும். ஆனிக்ஸில் நடக்கும் பெரிய விபத்து இதுதான்.

ஆனிக்ஸ் என்பது டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த எத்திலீன் வினைல் ஆல்கஹால் பாலிமர். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு டாண்டலம் தூள். ரத்தம் பட்டதும் டி.எம்.எஸ்.ஓ. கலைந்து போக, எரிமலைக் குழம்பு மாதிரி மேல்தோல் முதலில் இறுகி, உட்புறம் இளகியபடியே முன்னேறும். இதே வேலைக்குப் பயன்படும் என்.பி.சி.ஏ. பசை சில நொடிகளில் இறுகிவிடும், செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரை உடனே உருவியாக வேண்டும். ஆனிக்ஸிலோ நிறுத்தி, ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, மறுபடி தள்ளலாம். இந்த நிதானத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

தயாரிப்பில் சோம்பல் கூடாது. குப்பியை அதற்கான குலுக்கு கருவியில் 20 நிமிடம் குலுக்க வேண்டும். குறைத்தால் டாண்டலம் அடியில் தங்கிவிடும். திரையில் தெரியாத பாலிமர் எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். டி.எம்.எஸ்.ஓ. தாங்கும் மைக்ரோகதீட்டர் கட்டாயம், மற்றவை கரைந்து போகலாம். முதலில் கதீட்டரின் உட்கொள்ளளவுக்கு டி.எம்.எஸ்.ஓ.வால் நிரப்பி, பிறகு ஆனிக்ஸ். வேகம் நிமிடத்துக்கு 0.3 மி.லி.யைத் தாண்டக் கூடாது, பலர் 0.16-ஐ ஒட்டியே தள்ளுகிறார்கள். அவசரப்பட்டால் டி.எம்.எஸ்.ஓ. குழாய்ச் சுவரையே புண்ணாக்கும்.

கதீட்டர் நுனியைச் சுற்றி ஆனிக்ஸைக் கொஞ்சம் பின்வாங்கவிட்டு ஒரு அடைப்பு கட்டி, பிறகு முன்னே தள்ளுவதுதான் வழக்கமான முறை. பின்வாங்கல் 1 செ.மீ.யைத் தாண்டினால் கதீட்டர் ஒட்டிக்கொள்ளும். முரட்டுத்தனமாக இழுத்தால் தமனி கிழியும். நுனி கழன்றுகொள்ளும் கதீட்டர்கள் வந்த பிறகு இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. தள்ளுவதற்கு நடுவே விடும் இடைவேளை 2 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நுனியில் இறுகியதை அழுத்தித் தள்ளினால் கதீட்டர் நடுவில் வெடிக்கும். ஆனிக்ஸ் 18, 34 என்ற வகைகளில் வருகிறது: 18 மெலிது, ஆழமாக ஊடுருவும். வேகமான ஃபிஸ்டுலாவுக்கும் (தமனி சிரையோடு நேரே சேரும் இணைப்பு) அடைப்பு கட்டவும் 34.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது எதிர்பார்ப்புக்காக. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-ல் கொடுத்த அனுமதி அறுவைக்கு முன் ரத்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். இதை மட்டும் வைத்து முழுசாகக் குணமாக்குவது பெரும்பாலும் சின்ன ஏ.வி.எம்.களில்தான் நடக்கிறது. கசியாத ஏ.வி.எம். என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்: 2014-ல் வெளியான அருபா ஆய்வில், தலையிடாமல் மருந்தோடு கவனித்தவர்களுக்கே பக்கவாதமும் மரணமும் குறைவு. தொடர்ந்து கவனித்த காலம் குறைவு என்ற விமர்சனம் நியாயமே, ஆனாலும் ஒதுக்க முடியாது.

வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை வரும், அது டி.எம்.எஸ்.ஓ., பயப்பட ஒன்றுமில்லை. அறுவைக்கு அனுப்புவதாக இருந்தால் மோனோபோலார் காட்டரியில் (மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவி) கவனம் தேவை என்று குறித்து அனுப்புங்கள், டாண்டலத்தில் பட்டால் பொறி பறக்கும்.