உத்யம் பதிவுக்குக் காசு கேட்டால் கட்டாதீர்கள்! 2,949 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்

முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலை மத்திய அரசிடம் பதிந்துகொள்வதுதான் உத்யம் பதிவு. அது இலவசம். ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. அதற்குத்தான் நான் 2,949 ரூபாய் கட்டியிருக்கிறேன். நேற்று மதியம் வங்கியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் தையல் மெஷினில் உட்காராமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருஷமாக வீட்டிலேயே தையல் தைக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை. பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் வாங்க முத்ரா கடன் கேட்டிருந்தேன். "உத்யம் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்கம்மா, ஆன்லைன்லயே போட்டுக்கலாம்" என்றார் வங்கி அதிகாரி. எந்தப் பக்கத்தில் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் என்று தேடினேன். முதலில் வந்ததைத் தொட்டேன். அதன் மேலேயே பொடி எழுத்தில் விளம்பரம் என்று இருந்திருக்கிறது. மகள் நேற்று காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. பக்கம் திறந்ததும் காவி, வெள்ளை, பச்சையில் ஒரு பட்டை. ஓரத்தில் வட்டத்துக்குள் சிங்கத் தலை மாதிரி ஒரு முத்திரை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் தலைப்பு. இணையதளப் பெயரிலேயே உத்யம் என்ற சொல் இருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்?

படிவம் கேட்டதெல்லாம் அரசாங்கம் கேட்கிறவைதான். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், மெஷினுக்கு எவ்வளவு போட்டீர்கள். அப்புறம் பொதுப் பிரிவா, ஓபிசியா, எஸ்சியா, எஸ்டியா என்று ஒரு கட்டம். உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. சாதிப் பிரிவு கேட்கிற இடம் அரசாங்க ஆபீஸ்தானே?

கடைசிப் பக்கத்தில் 2,499 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 2,949 என்று வந்தது. ஒரு நிமிஷம் கை நின்றது. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு நான் வாங்குவது 350 ரூபாய். எட்டு பிளவுஸ் தைத்தாலும் 2,949 தேறாது. ஆனாலும் ஜிஎஸ்டி எல்லாம் போட்டிருக்கிறார்களே, அரசாங்கக் கட்டணம் இவ்வளவு இருக்கும்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லைனிங் துணிக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம். யுபிஐயில் கட்டிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் போன். நல்ல தமிழ், நல்ல மரியாதை. "வணக்கம் மேடம், உத்யம் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம். இப்ப ஆதார் ஓடிபி ஒண்ணு வரும், அதை மட்டும் சொல்லுங்க." சொன்னேன். சாயங்காலமே வாட்ஸாப்பில் சர்டிபிகேட் வந்துவிட்டது. அதுதான் இதில் பெரிய சூது. அந்தச் சர்டிபிகேட் போலி இல்லை. அரசாங்கத்தின் அசல் பக்கத்தில், என் ஆதாரையும் என் ஓடிபியையும் வைத்து, இலவசமாகப் பதிவு செய்து எடுத்ததை எனக்கே 2,949 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

நேற்று அதைக் கலரில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "தையல்னுதானே சொன்னீங்க? இதுல துணி சில்லறை வியாபாரம்னு இருக்கே" என்றார். தொழில் பிரிவையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள். இது சின்னத் தப்பு இல்லை. வியாபாரம் என்று பதிவானவர்களுக்கு வங்கியின் முன்னுரிமைக் கடன் ஒன்றுக்குத்தான் உத்யம் உதவும், தொழில் செய்கிறவர்களுக்கான மற்றச் சலுகைகள் கிடையாது என்று அவர்தான் விளக்கினார். அப்புறம் விரலை வைத்துக் காட்டினார். ஈமெயில் என்ற இடத்தில் நான் பார்த்தே இராத ஒரு முகவரி. என் தொழில், என் ஆதார், யாரோ ஒருவருடைய ஈமெயில்.

"இதுக்கு எவ்வளவு கட்டினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். பதிவுக்குக் கட்டணம் இல்லை என்று அரசாங்கப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எந்தத் தனியாருக்கும் இந்தப் பதிவைச் செய்ய அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் போட்டிருக்கிறது. 2020 ஜூலை 1-ம் தேதி இந்த முறை வந்த நாளிலிருந்தே இலவசம்தானாம். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

வங்கி வாசலில் நின்றே, ஓடிபி கேட்டுப் போன் வந்த அந்த நம்பருக்கு அடித்தேன். அதே பையன் எடுத்தான். "மேடம், நாங்க கன்சல்டன்சி. அது கவர்மென்ட் பீஸ் இல்ல, எங்க சர்வீஸ் சார்ஜ்" என்றான். டிபார்ட்மென்ட் என்று சொல்லித்தானே பேசினாய் என்று கேட்டேன். "எங்க கம்பெனிலயும் உத்யம் டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்கிறான்! எவ்வளவு தைரியம்!

மறுபடி அடித்தேன். இந்த முறை ஒரு பெண், இந்தியில். லைனில் இருங்கள் என்று பாட்டைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் கழித்து லைன் கட். ஈமெயில் அனுப்பினேன். புகார் எண் ஒன்றும், வேலை முடிந்த பிறகு பணம் திருப்பித் தர இயலாது என்று ஒரு வரியும் வந்தது. மூன்றாம் முறை அடித்தபோது வேறு ஒருவர். "பக்கத்துக்கு அடியில எழுதியிருக்கோமே, படிக்கலையா?" என்று என்னையே கேட்டார். போய்ப் பார்த்தேன். ஆமாம், எழுதியிருக்கிறது. விரல் வலிக்கக் கீழே தள்ளிக்கொண்டே போனால், சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில், இது தனியார் ஆலோசனை நிறுவனம், அரசோடு தொடர்பில்லை என்று இருக்கிறது. மூவர்ணத்தை மட்டும் மேலே அவ்வளவு பெரிதாகப் போடத் தெரிகிறது.

சரி, பணம் போகட்டும், தப்பாகப் போட்ட தொழில் பிரிவையாவது மாற்றிக் கொடுங்கள் என்றேன். திருத்தத்துக்குத் தனியாக 999 ரூபாயாம். அப்போதுதான் கத்திவிட்டேன். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

திருத்தத்தை நேற்று ராத்திரி மகளும் நானும் அரசாங்கப் பக்கத்திலேயே செய்தோம். நல்லவேளை, போன் நம்பர் என்னுடையதாகத்தான் இருந்தது, ஓடிபி எனக்கே வந்தது. தொழில் பிரிவையும் ஈமெயிலையும் மாற்ற இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கும் காசு கிடையாது. அந்த இருபது நிமிஷத்தில்தான் எனக்கு அழுகையே வந்தது. இவ்வளவு சுலபமான வேலைக்கா 2,949 ரூபாய்!

இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்துச் சொல்லியிருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வருமா என்று தெரியாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். ஆறு செட் சீருடை இன்றைக்குக் கொடுத்தாக வேண்டும், அதனால் அவசரமாக எழுதுகிறேன். இணையதளப் பெயர் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். டாட் ஆர்க், டாட் காம், வெறும் டாட் இன் எல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உத்யமுக்கு அசல் முகவரி உத்யம்ரெஜிஸ்ட்ரேஷன் டாட் ஜிஓவி டாட் இன். தேடலில் விளம்பரம் என்று வருவதைத் தொடாதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். உத்யமுக்கு ரினியூவல் என்று ஒன்று கிடையாது, அப்படிப் போன் வந்தால் வைத்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

எங்கள் சுயஉதவிக் குழுவிலேயே இரண்டு பேர் இதே பக்கத்தில் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள், ஒருத்தி வெள்ளிக்கிழமை கட்டுவதாக இருந்தாள். உங்களில் யாராவது கட்டப் போவதாக இருந்தால், கட்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள். சரியான பக்கத்தை நான் அனுப்புகிறேன்.